மன்றோவின் சங்கிலியும் அப்பாவின் முப்பதுக்கு நாப்பதும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. போன வாரம் கூட வேலை பார்த்த தம்பி ஒருத்தர் போன் பண்ணி, "அண்ணே, நல்லம்பள்ளி பக்கம் பழைய லேஅவுட்ல ஒரு சைட் பாத்திருக்கேன். பஞ்சாயத்து அப்ரூவல் இருக்காம். வாங்கலாமா?"ன்னு கேட்டார். அந்த 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற ரெண்டு வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எங்க அப்பா ஞாபகம் வந்துடுச்சு. சரி, இனிமேலும் தள்ளிப்போட வேண்டாம்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். 1994-ல் தர்மபுரியில் இருந்து பென்னாகரம் போற ரோட்டுல, உள்ளே தள்ளி ஒரு மனை வாங்கினார். முப்பதுக்கு நாப்பது, 1200 சதுர அடி. அதாவது ரெண்டே முக்கால் சென்ட். அதுக்கு முந்தின வருஷம் வரைக்கும் அது நிலக்கடலை போட்ட மானாவாரிக் கொல்லை. புரோக்கர் ஒரு ப்ளூ பிரிண்ட் கொடுத்தார். அதுல வரிசையா நம்பர் போட்ட கட்டங்கள், நடுவுல 20 அடி ரோடு, ஒரு மூலையில் 'பூங்கா', கீழே ஊராட்சித் தலைவரோட ரப்பர் ஸ்டாம்ப். அப்பா அதை மடிச்சு பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்துல வச்சிருந்தார்.

2012-ல் வீடு கட்டலாம்னு போனால், 20 அடி ரோட்டுக்குக் குறுக்கே கம்பி வேலி! அந்த நிலத்தோட பழைய சொந்தக்காரர் காலமாகி, அவர் மகன் வேலி போட்டிருக்கார். சண்டைக்குப் போன எங்ககிட்ட அவர் அமைதியா ஒரு காகிதத்தை நீட்டினார். பட்டா. "சார், உங்களுக்கு வித்தது மனை. ரோடு இன்னும் எங்க பேர்லதான் இருக்கு. நீங்களே பாருங்க" என்றார். பார்த்தோம். அவர் பொய் சொல்லவில்லை. தாலுகா ஆபீஸ்ல புலப்பட நகல் வாங்கிப் பார்த்தோம். அதுல பழைய கொல்லை மட்டும்தான் இருந்தது. ரோடு என்று ஒரு கோடு கூட இல்லை.

நாங்க பதினெட்டு வருஷமா நடந்த ரோடு அரசாங்கக் கணக்குல இல்லவே இல்லை! அது எப்படி என்ற கேள்விதான் என்னைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது. போய் நின்ற இடம், நம்ம தர்மபுரியேதான். வருஷம் 1792.

அந்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விட்டுக் கொடுத்தார். நிர்வாகத்துக்கு வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு. அவருக்குக் கீழே மூணு உதவியாளர்கள். சேலம் பக்கம் மெக்லியோட், கிருஷ்ணகிரி பக்கம் கிரஹாம், நடுவில் தர்மபுரிக்கு தாமஸ் மன்றோ. மூணு பேரும் பட்டாளத்து ஆட்கள். மன்றோ 1799 வரை இங்கே இருந்தார். பின்னாளில் 1820-ல் சென்னை மாகாண கவர்னராகவே ஆனார்.

இவங்க செய்த வேலை, நிலத்தை வயல் வயலா அளந்து, யார் உழுகிறாரோ அவரிடமே நேரடியாக வரி போடுவது. ரயத்துவாரி என்று பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணினோமே, அதுக்கு நாத்து விட்ட இடங்கள்ல நம்ம ஊரும் ஒண்ணு. கடப்பை, பெல்லாரிப் பக்கம் கலெக்டராக இருந்தபோது மன்றோ சர்வேயர்களுக்குக் கொடுத்த உத்தரவில் 33 அடிச் சங்கிலியால் அளக்கச் சொல்கிறார். 33 அடிக்கு 33 அடி ஒரு குண்டா, 40 குண்டா ஒரு ஏக்கர். கர்நாடகாவில் இன்னிக்கும் நிலத்தைக் குண்டா கணக்கில் சொல்றாங்க. அப்புறம் வந்தது 66 அடி, நூறு லிங்க் உள்ள சங்கிலி. ஏக்கரில் நூறில் ஒரு பங்கு சென்ட், 435.6 சதுர அடி.

இந்த அளவைக்கு ஒரு நோக்கம்தான், வரி. வயல் எவ்வளவு, மண் என்ன ரகம், யார் கட்டணும். வரி வராத ரோடு, ஏரி, ஓடை, சுடுகாடு எல்லாம் கணக்குக்கு வெளியே, அதாவது 'புறம்போக்கு'. நாம திட்டுறதுக்குப் பயன்படுத்துற வார்த்தை உண்மையில ஒரு வருவாய்த்துறை வார்த்தை :-) ஆனா ஒண்ணு கவனிங்க. ஊர்ப் பொது வழிக்குப் பாதுகாப்பு கொடுத்ததும் இதே வார்த்தைதான். புறம்போக்கு என்று எழுதியாச்சுன்னா அதை எவரும் தன் பேருக்குப் பட்டா என்று காட்ட முடியாது.

எங்க லேஅவுட் ரோடு இந்த ரெண்டிலும் சேரவில்லை. அது வயலும் இல்லை, புறம்போக்கும் இல்லை. ஒரு தனியார் தன் பட்டா நிலத்துல சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டின வழி. மன்றோ காலத்துக் கணக்குல அதுக்கு ஒரு கட்டம் கிடையாது.

அந்தக் கட்டத்தை உண்டாக்க நூறு வருஷத்துக்கு மேலாச்சு. இங்கே பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வருகிறார். சென்னை கவர்னர் பென்ட்லேண்ட் பிரபு அழைத்து, 1914-ல் நகரமைப்புக் கண்காட்சி நடத்த வந்தார். அவருடைய படங்கள், வரைபடங்கள் எல்லாம் ஏற்றி வந்த 'கிளான் கிராண்ட்' கப்பலை மூழ்கடித்தது யார் தெரியுமா? நம்ம எம்டன்! சென்னையில குண்டு போட்ட அதே ஜெர்மன் கப்பல். நண்பர்கள் இங்கிலாந்தில் இருந்து திரும்பவும் படங்களைச் சேர்த்து அனுப்ப, 1915-ல் சென்னையில் கண்காட்சி நடந்தது. மதுரை, காஞ்சிபுரம் போன்ற ஊர்களையும் கெடிஸ் நடந்தே சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார்.

அதற்குப் பின் 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அதே 1920-ல் வந்த மாவட்ட நகராட்சிகள் சட்டத்துல ஒரு பிரிவு இருந்தது. நிலத்தை வீட்டு மனையாகப் பிரித்து விற்கிறவர், ஒவ்வொரு மனைக்கும் போய்ச் சேர வீதி அமைத்து, அதை ஏற்கனவே உள்ள வீதியோடு இணைக்க வேண்டும் என்றது. அதாவது மனையை மட்டும் விற்க முடியாது, வழியையும் சேர்த்துக் கொடு என்று அப்பவே சொல்லிட்டாங்க. ஆனா அது நகராட்சிச் சட்டம். எல்லைக்கு வெளியே இருந்த கடலைக் கொல்லைக்கு அது வந்து சேரவில்லை.

கிராமம் வரைக்கும் கை நீட்டியது 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம். டி.டி.சி.பி. என்று விளம்பரத்துல பார்க்கிறோமே, அந்த இயக்ககத்தின் வேலை இந்தச் சட்டத்தில் இருந்துதான் வருது. 1997-ல் வந்த ஊராட்சிக் கட்டட விதிகளும், நகர் ஊரமைப்புத் துறையின் முன் இசைவு இல்லாமல் ஊராட்சி மனைப்பிரிவுக்கு அனுமதி தரக்கூடாது என்றன. ஆனா ஊர் நடைமுறை வேற மாதிரி போச்சு. ஊராட்சித் தலைவர் ஸ்டாம்ப் வைப்பார், பத்திர ஆபீஸ்ல பதிவாகும், எல்லாரும் கையெழுத்துப் போட்டு டீ குடிச்சிட்டுப் போவாங்க. பத்திரப் பதிவு என்பது நீங்க பணம் கொடுத்து வாங்கினீங்க என்பதற்குச் சாட்சி. அந்த மனைக்கு வழி உண்டு என்பதற்கு அது சாட்சி இல்லை. இந்த வித்தியாசம் எங்க அப்பாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பெரும்பாலானவங்களுக்குத் தெரியாது.

சரி, முறையா மனைப்பிரிவு போட என்னென்ன கேக்கறாங்க? மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அ-பதிவேடு நகல், புலப்படம், சுற்றிலும் என்ன இருக்குன்னு காட்டுற டோப்போ படம், அப்புறம் அளவுகளோட மனைப்பிரிவு வரைபடம். கேட்டாலே தலை சுத்தும், "இவ்வளவு காகிதமா?"ன்னு. நானும் ஒரு காலத்துல அப்படித்தான் சலிச்சுக்கிட்டேன். இப்போ ஒவ்வொண்ணா யோசிச்சா, ஒவ்வொரு காகிதமும் ஒரு கேள்வி. நிலம் விற்கிறவருக்குச் சொந்தமா? கடன் ஏதாவது இருக்கா? அது ஓடையா, ஏரி உள்வாயா? மழைத்தண்ணி எந்தப் பக்கம் போகும்? மெயின் ரோட்டுல இருந்து உள்ளே வர உண்மையிலேயே வழி இருக்கா?

கடைசியா வர்ற காகிதம்தான் எனக்கு முக்கியமானது. தானப் பத்திரம். இறுதி ஒப்புதல் கிடைக்கறதுக்கு முன்னாடி, லேஅவுட்டுக்குள்ள வர்ற ரோடுகளை உள்ளாட்சிக்கு இலவசமாக எழுதிப் பதிவு செய்து கொடுக்கணும். 3000 சதுர மீட்டருக்கு மேல் (சுமார் 74 சென்ட்) போனால், ரோடு போக மீதியில் பத்து சதவீதம் பொது இடத்துக்கு. ஓ.எஸ்.ஆர். என்பது அதுதான். 10,000 சதுர மீட்டர் வரைக்கும் இடம் ஒதுக்க முடியாவிட்டால் பணமாகக் கட்ட வழி உண்டு. அந்தத் தானப் பத்திரம் பதிவான நிமிஷத்தோட, பழைய சொந்தக்காரரின் மகனோ பேரனோ வந்து வேலி போட முடியாது. எங்க ப்ளூ பிரிண்ட்ல 'பூங்கா' என்று எழுதியிருந்த மூலையை அந்தப் புரோக்கரே நாலு மனையாகப் பிரித்து விற்றிருந்தார் என்பது பின்னாடிதான் தெரிஞ்சது. எழுதிக் கொடுக்காத பூங்காவை யார் கேக்கறது?

2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர்நீதிமன்றம், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று உத்தரவிட்டது. விவசாய நிலமெல்லாம் கட்டுப்பாடில்லாமல் மனையாவதைத் தடுக்கணும் என்ற வழக்கு அது. அதே வருஷம் அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தில் 22-ஏ பிரிவு அமலுக்கு வந்தது. நம்ம ஊர்ல அன்னிக்கு எத்தனை வீட்டுல சோறு இறங்கலைன்னு எனக்குத் தெரியும். பொண்ணு கல்யாணத்துக்கு மனையை விற்கலாம்னு இருந்தவங்க எல்லாம் திகைச்சுப் போனாங்க. பிறகு 2017 மே மாசம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ள வழி பிறந்தது. 2019-ல் மனைப்பிரிவு, கட்டடம் ரெண்டுக்கும் சேர்த்து தமிழ்நாடு முழுக்க ஒரே விதித்தொகுப்பு வந்தது.

எங்க கதைக்கு வர்றேன். அப்பா 2015-ல் போயிட்டார். அந்த மனையில ஒரு செங்கல் கூட வைக்கலை. வேலிக்கு வெளியே நின்னு, "அதோ, அந்தப் புளியமரத்துக்கு இந்தப் பக்கம்தான் நம்மது"ன்னு என் மகளுக்குக் காட்டினதுதான் அவர் அந்த மனையைக் கடைசியாப் பார்த்தது.

வரன்முறை வந்த பிறகு மனை வாங்கினவங்க எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்தோம். வேலி போட்டவரையும் கூப்பிட்டோம். அவருக்கும் மீதி நிலத்தை விற்க முடியாத சிக்கல். கோர்ட்டுக்குப் போயிருந்தால் எங்க பத்திரங்கள்ல நாலெல்லையில் '20 அடி பொது வழி' என்று எழுதியிருந்தது உதவியிருக்கும் என்று வக்கீல் சொன்னார், ஆனா எத்தனை வருஷம் ஆகும்னு அவரால சொல்ல முடியலை. பேசிப் பேசி, செலவை நாங்க பங்கு போட்டுக்கிட்டு, 2018-ல் அவர் ரோட்டை ஊராட்சிக்குத் தானமா எழுதிக் கொடுத்தார். பதிவு முடிஞ்சு வெளியே வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "வாத்தியார்கிட்ட நானும் படிச்சிருக்கேன் சார். அவர் இருக்கும்போதே செஞ்சிருக்கணும்" என்றார். எனக்குப் பதில் வரலை.

அந்தத் தானப் பத்திர நகல் இப்போ பீரோவுல, ப்ளூ பிரிண்ட் இருந்த அதே இடத்துல இருக்கு.

டிஸ்கி: தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான். ஸ்டாம்ப்பைப் பார்க்காதே. மனையோட பத்திரத்தைக் கூட அப்புறம் பார். முதல்ல ரோட்டோட தானப் பத்திரத்தைக் கேளு. இல்லைன்னு சொன்னால், டீயை மட்டும் குடிச்சிட்டு வந்துடு.