டயாதெர்மியின் வரலாறு

டயாதெர்மி என்பது உயர் அதிர்வெண் மின்சாரத்தைக் கொண்டு உடல் திசுக்களுக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்கும் மருத்துவ முறையாகும்.

பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைத் தீய்த்து இரத்தப்போக்கை நிறுத்தும் வழக்கம் பழங்காலத்திலேயே இருந்தது. ஆனால் அந்தச் சூட்டின் அளவையும் ஆழத்தையும் கட்டுப்படுத்த முடியவில்லை. 1890களில் பிரெஞ்சு உடலியலாளர் தார்சோன்வால், நொடிக்கு 10,000 சுற்றுகளுக்கு மேற்பட்ட மாறுதிசை மின்சாரம் தசைகளைத் துடிக்கச் செய்யாமல் உடலில் வெப்பத்தைத் தருவதைக் கண்டறிந்தார். இம்முறைக்கு 'டயாதெர்மி' எனப் பெயரிட்டவர் ஜெர்மானிய மருத்துவர் நாகெல்ஷ்மிட். கிரேக்க மொழியில் 'டயா' என்பது ஊடாக என்றும், 'தெர்மே' என்பது வெப்பம் என்றும் பொருள்படும்.

அக்காலத்தில் மூளைக் கட்டி அறுவை சிகிச்சைக்குப் பெரும் தடையாக இருந்தது இரத்தப்போக்கு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் ஒரு நோயாளியின் மண்டையோட்டுக் கட்டியை அகற்ற முயன்று, இரத்தப்போக்கால் பாதியில் நிறுத்தினார். மூன்று நாட்களுக்குப் பின், 1926 அக்டோபர் 1 அன்று, வில்லியம் போவி உருவாக்கிய மின்கருவியின் உதவியுடன் அக்கட்டியை அகற்றினார். அதன்பின், அறுவைக்கு இயலாதவர்கள் என முன்னர் கைவிட்ட நோயாளிகளையும் அவர் திரும்ப அழைத்தார்.

இன்று அறுவை அரங்கில் திசுவை வெட்டவும் இரத்தக் குழாய்களை அடைக்கவும் கடும் வெப்பமும், இயன்முறை மருத்துவத்தில் தசை, மூட்டு வலியைத் தணிக்க மிதமான வெப்பமும் பயன்படுகின்றன. இதயமுடுக்கி பொருத்தியவர்களுக்கு இம்முறை ஆபத்தாகலாம் என்பதால், சிகிச்சைக்கு முன் அதை மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம்.