பெர்லினுக்குச் சென்ற கதாசிரியர்

தீராத நோயொன்றுக்குத் தீர்வு கண்டாயிற்று என்னும் தலைப்பை நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம். அதை நம்பி மருத்துவமனை வாயிலில் காத்து நிற்பவரை மறுநாள் நாளிதழ் நினைப்பதில்லை. இவ்வழக்கம் புதியதன்று. நூற்றாண்டுக்கும் முந்தைய நிகழ்ச்சியொன்றை நண்பர்களுடன் நினைவுகூர விழைகிறோம்.

1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தவர் இராபர்ட் காக். 1890 ஆகஸ்டில், பெர்லினில் கூடிய பன்னாட்டு மருத்துவ மாநாட்டில், அக்கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளொன்றைக் கண்டிருப்பதாக அவர் அறிவித்தார். சோதனைக் குழாயிலும் கினிப் பன்றிகளிடத்தும் கண்ட பலனையே அன்று அவர் கூறினார். நவம்பரில், தொடக்க நிலைக் காசநோயை இம்மருந்து உறுதியாகக் குணமாக்கும் என்று எழுதினார். ஆயினும் அது எதனால் ஆனது என்பதை வெளியிடவில்லை. நாளிதழ்கள் பலவும் எலும்புருக்கி நோய் ஒழிந்ததென்றே முழங்கின. இருமிக்கொண்டே இரயிலேறிய நோயாளிகள் பெர்லினில் வந்து குவிந்தனர்.

அவ்வேளை இங்கிலாந்திலிருந்து ஓர் இளம் மருத்துவரும் புறப்பட்டார். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில்தான் அவர். மருத்துவப் பேராசிரியரின் செயல்விளக்க அரங்கில் அவருக்கு இடம் கிட்டவில்லை. காக்கைச் சந்திக்கவும் இயலவில்லை. அமெரிக்க மருத்துவர் ஒருவரின் குறிப்பேட்டை இரவல் வாங்கிப் படித்தார். நோயாளிகள் கிடந்த கூடங்களுக்குச் சென்று நேரில் கண்டார். மருந்து கிருமியைக் கொல்லவில்லை, கிருமி தங்கிய திசுவையே சிதைக்கிறது. நோயை நீக்குவதினும் கண்டறியவே இது உதவும் என்னும் முடிவுக்கு வந்தார். காக் மீது கொண்ட மதிப்புக் குறையாமலே இதனை இலண்டன் நாளிதழுக்கும் 'ரிவியூ ஆஃப் ரிவியூஸ்' இதழுக்கும் எழுதினார்.

1891 ஜனவரியில், மருந்து செலுத்தப்பட்டு இறந்தோரின் உடல்களை ஆராய்ந்த விர்ஹோ, சிலரிடம் நோய் பரவியிருந்ததை எடுத்துக்காட்டினார். அம்மாதமே, மருந்து காசநோய்க் கிருமிகளின் கிளிசரின் சாறுதான் என்பதைக் காக் வெளியிட்டார். கோனன் டாயில் கணித்தவாறே அப்பொருள் நோயறியும் கருவியாக நிலைத்தது. இன்று முன்கையில் போடப்படும் மாண்டூ பரிசோதனை ஊசியில் இருப்பது அதன் தூய்மையாக்கப்பட்ட வழித்தோன்றலே.

ஆரவாரித்த ஏடுகளுக்கும் அந்தப் பயணிக்கும் இடையே இருந்த வேறுபாடு மேதைமை அன்று என்பது நம் கருத்து. ஏடுகள் அறிவிப்பைப் படித்தன. அவர் கட்டிலருகே சென்று பார்த்தார். மருத்துவச் செய்தி எழுதுவோர் கற்க வேண்டிய இலக்கணம் இவ்வளவே.

மூன்றாண்டுகள் கழித்து, 1893-இல், கோனன் டாயிலின் மனைவி லூயிசாவுக்கே காசநோய் என்று தெரியவந்தது. பெர்லின் மருந்து பொய்க்காதிருந்தால் யாவரினும் மகிழ்ந்திருக்கக்கூடியவர் அவரே. லூயிசா 1906-இல் மறைந்தார். கிருமியை வெல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் வர 1940-கள் வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது.