கல்முனைக் கரையோரத்தின் பஸ் போக்குவரத்து: ஒரு சமூக வரலாற்று நோக்கு

கிழக்கிலங்கையின் சமூக வரலாற்றை எழுதப் புகுந்தோர் குடிவழக்குகளையும், கோயில் பள்ளிவாசல் மரபுகளையும், நாட்டார் பாடல்களையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆயின், அப்பிரதேச மக்கள் நாள்தோறும் வயலுக்கும் பாடசாலைக்கும் கச்சேரிக்கும் எவ்வாறு சென்று வந்தனர் என்னும் வினா ஆய்வாளரின் கவனத்தை அரிதாகவே ஈர்த்துள்ளது. போக்குவரத்து என்பது பொறியியலாளருக்கும் கணக்காளருக்கும் உரிய விடயம் என்ற எண்ணமே இதற்குக் காரணமெனலாம். கிராமத்துக்கு ஏன் பஸ் வருவதில்லை என்று கேட்போருக்கு, ‘அப்பாதையில் பயணிகள் போதாது’ என்ற விடை ஆயத்தமாக இருக்கிறது. இவ்விடை ஓர் இயற்கை உண்மையைக் கூறுவதுபோலத் தோன்றினும், அது வரலாற்றின் விளைவொன்றை இயற்கையாகக் காட்டுகின்றது என்பதே நமது கருத்து. அம்பாறைக் கரையோரத்தின் தமிழ் பேசும் ஊர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை இங்கு ஆராய்வோம்.

மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலின் இரண்டாம் பாகத்தில் போக்குவரத்தைத் தனித்தன்மை வாய்ந்த உற்பத்தித் துறையாக நோக்கினார். இடமாற்றமே அத்துறையின் விளைபொருள். அது உற்பத்தியாகும் கணத்திலேயே நுகரப்படுகின்றது என்பது அவர் விளக்கம். நெல்லைக் களஞ்சியத்தில் சேர்த்து வைக்கலாம். பயணத்தை அவ்வாறு சேர்த்து வைத்தல் இயலாது. காலை ஏழு மணிக்கு வராத பஸ் பத்து மணிக்கு வருமாயின், ஏழு மணிப் பயணி பெறவேண்டிய பயன் அழிந்துபோனதே. எனவே, ஒரு பாதையில் நாளொன்றுக்கு எத்தனை பஸ்கள் ஓடுகின்றன என்பதோடு, அவை எந்நேரத்தில், எவருடைய வேலைநேரத்துக்கு இயைய ஓடுகின்றன என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

2

கடலுக்கும் வயல்வெளிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் வடக்கிலிருந்து தெற்காக மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறிமாறி அமைந்த இவ்வமைப்பைப் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று கூறுவது இப்பகுதியின் வழக்கு. குடியிருப்பு கரையிலே, வயலோ மேற்கிலே. ஆகவே, இம்மக்களின் வாழ்க்கை இரு அச்சுகளிலே இயங்குகின்றது. ஒன்று, சந்தை, பாடசாலை, மருத்துவமனை ஆகியவற்றை இணைக்கும் வடக்குத் தெற்கு அச்சு. மற்றையது, சம்மாந்துறை, இறக்காமம், நாவிதன்வெளி முதலிய உட்பகுதிகளோடு கரையை இணைக்கும் கிழக்கு மேற்கு அச்சு.

புகையிரதப் பாதை 1920களின் இறுதியில் மட்டக்களப்பு வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே நெடுஞ்சாலையும் பஸ்ஸுமே பொதுப் போக்குவரத்தாயின. தொடக்ககாலத்தில் தனியார் தத்தம் விருப்பின்படி ஓட்டிய பஸ்களை ஒழுங்குபடுத்த 1942ஆம் ஆண்டின் பஸ் சேவை அனுமதிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. பாதைக்கான தனியுரிமையை வழங்கிய அச்சட்டம் சிறு உடைமையாளரைக் கம்பனிகளாக இணையச் செய்தது. வீதியிலிருந்த போட்டி ஒழிந்தது. அதன் இடத்தில் ஏகபோகம் அமர்ந்தது. இலாபம் தரும் பாதையும் நேரமும் பேணப்பட்டன, ஏனையவை புறக்கணிக்கப்பட்டன. இந்நிலையை ஆராய 1948, 1954, 1956 ஆகிய ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்ட மூன்று ஆய்வுகளும் பஸ் சேவையைத் தேசியமயமாக்க வேண்டுமென்ற ஒரே முடிவுக்கே வந்தன. அவற்றுள் முதலிரண்டும் முதலாளித்துவச் சார்புடைய அரசாங்கங்களின் காலத்தில் நடைபெற்றவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

1958 ஜனவரி முதலாம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை இயங்கத் தொடங்கிற்று. அதன் வரலாற்று முக்கியத்துவம் உடைமை மாற்றத்தோடு முடிந்துவிடவில்லை. நாடு முழுவதும் ஒரே கணக்கின் கீழ் வந்ததனால், இலாபம் ஈட்டும் பாதையின் மிகுதியைக் கொண்டு நட்டமுறும் பாதையை நடத்துவது முதன்முறையாகச் சாத்தியமாயிற்று. கொழும்பு வீதியில் ஏறும் பயணி கொடுக்கும் பணத்தின் ஒரு பகுதி, தான் காணாத கிராமமொன்றின் பஸ்ஸுக்கு உதவிற்று. மாணவருக்கான சலுகைப் பருவச்சீட்டும் இவ்வடிப்படையிலேயே நிலைபெற்றது. எழுபதுகளின் இறுதியில் 7,000க்கு மேற்பட்ட பஸ்களைக் கொண்ட பெருநிறுவனமாக அது வளர்ந்திருந்தது. நிர்வாகச் சீர்கேடும், அரசியல் நியமனங்களும், உதிரிப்பாகத் தட்டுப்பாடும் அதன் குறைகளாயிருந்தமையை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், கிராமத்துப் பயணத்தைச் சமூகத்தின் பொதுச் செலவாகக் கருதிய கோட்பாடு அதனுடையதே.

3

இக்காலத்திலேயே கரையோர மக்களின் பயணத் திசையில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. உள்நாட்டில் குடியேற்றங்களோடு அம்பாறை நகரம் உருவாயிற்று. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் தோன்றியபோது கச்சேரியும் அந்நகரிலேயே அமைந்தது. அதுவரை அரசாங்க அலுவலுக்கு வடக்கே மட்டக்களப்புக்குச் சென்றோர் இனி மேற்கே அம்பாறைக்குச் செல்ல வேண்டியவராயினர். ஆனால், கரையோரத்தின் பஸ் சேவையோ வடக்குத் தெற்கு நெடுஞ்சாலையைத் தழுவி வளர்ந்தது. மக்களின் தேவை ஒரு திசையிலும் பஸ்களின் செறிவு மற்றொரு திசையிலுமாக அமைந்த இம்முரண்பாடு இன்றுவரை தீர்ந்தபாடில்லை. காணியுறுதிக்கோ ஓய்வூதியத்துக்கோ கச்சேரி சென்ற முதியவர், தமிழில் பதில் கிடைக்குமா என்ற கவலையோடு, மாலைக்குள் வீடு திரும்ப முடியுமா என்ற கவலையையும் சுமந்தார். கரையோர மாவட்டம் வேண்டுமென்ற கோரிக்கையின் பின்னால் இன அரசியல் மட்டுமன்றி இந்த அன்றாடப் பயணச் சுமையும் உண்டு.

4

1977இன் பின்னர் வந்த திறந்த பொருளாதாரக் கொள்கை இச்சேவையின் அடித்தளத்தையே மாற்றியது. 1978இல் சபை பிராந்தியச் சபைகளாகப் பிரிக்கப்பட்டது. 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. 1990இல் ‘மக்கள்மயப்படுத்தல்’ என்ற பெயரில் பஸ் சாலைகள் தனித்தனிக் கம்பனிகளாக்கப்பட்டன. ஒவ்வொரு சாலையும் தனது வரவையும் செலவையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிலை தோன்றியதும், பாதைக்குப் பாதை உதவும் பழைய கணக்கு அறுந்துபோயிற்று. கணக்கு சிறிதாகச் சிறிதாகக் கிராமம் அதற்கு வெளியே தள்ளப்பட்டது. 2005ஆம் ஆண்டின் சட்டம் இலங்கைப் போக்குவரத்துச் சபையை மீள நிறுவியபோதும், இலாபகரமான பாதைகளில் தனியார் வேரூன்றிவிட்டிருந்தனர்.

போரும் பாதைகளைத் துண்டாடியது. 1990 ஜூலையில் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகள் குருக்கள்மடத்தில் கடத்திக் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில் தஞ்சமடைந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். பொதுவான வீதி இரு சமூகங்களுக்கும் அச்சத்தின் இடமாயிற்று. எந்த ஊரைக் கடந்து செல்வது என்ற கேள்வி, எந்த பஸ்ஸில் ஏறுவது என்ற கேள்விக்கு முற்பட்டதாயிற்று. போர் 2009இல் முடிந்தபின் ஒரே ஆசனத்தில் தமிழரும் முஸ்லிமும் மீண்டும் அருகருகே அமர்ந்து பயணஞ் செய்வதை நாம் சிறிய விடயமாகக் கொள்ளலாகாது. பஸ் குறைந்து, ஒவ்வொருவரும் தத்தம் மோட்டார் சைக்கிளில் தனித்துச் செல்லும் சமூகத்தில் இத்தகைய பொதுவெளியும் குறைந்துபோகும்.

‘பயணிகள் போதாது’ என்ற வாதத்தை இப்பின்னணியில் மீண்டும் நோக்குவோம். பஸ் அரிதாக வருகின்றது. ஆகவே, இயன்றோர் கடன்பட்டேனும் மோட்டார் சைக்கிள் வாங்குகின்றனர். ஏனையோர் முச்சக்கர வண்டிக்குப் பணம் இறைக்கின்றனர். பயணிகள் குறைகின்றனர், குறைந்த பயணிகளைக் காட்டிச் சேவை மேலும் குறைக்கப்படுகின்றது. விளைவு காரணமாக வேடமிட்டு வருகின்றது. எஞ்சி நிற்போர் யாவர்? மாணவர், முதியோர், நோயாளர், கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள். சபையின் பஸ்ஸில் செல்லும் மாணவரின் பருவச்சீட்டு தனியார் பஸ்ஸில் செல்லாது. ஆகவே, பத்து பஸ்கள் ஓடும் வீதியிலும் அம்மாணவருக்கு உரியவை ஒன்றிரண்டே. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்தது. ஆனால், மாலை விரிவுரைக்கும் நூலகத்துக்கும் இருந்துவிட்டு வீடு திரும்ப வழியின்றேல், உட்பகுதி மாணவிக்குக் கல்விவாய்ப்பு பாதியே கிடைத்ததாகும். பஸ் நிறுவனத்தின் வரவுசெலவில் டீசலும் சம்பளமும் பதியப்படுகின்றன. தரிப்பிடத்தில் கழியும் மணித்தியாலங்கள் எந்த ஏட்டிலும் பதியப்படுவதில்லை. மிச்சம்பிடிக்கப்பட்ட செலவு உண்மையில் மறையவில்லை. அது உழைப்பவரின் நேரமாக அவர் தலையிலே சுமத்தப்பட்டது.

5

இனிச் செய்யத்தக்கது யாது? முதலாவதாக, நேரசூசி. மணிக்கு இரண்டு பஸ்கள் ஐந்து நிமிட இடைவெளியில் அடுத்தடுத்துச் செல்லுமாயின், இரண்டாவதைத் தவறவிட்டவர் ஐம்பத்தைந்து நிமிடம் காத்திருப்பார். அவ்விரண்டும் அரைமணிக்கு ஒன்றாகச் சென்றால் எவரும் முப்பது நிமிடத்துக்கு மேல் காத்திரார். ஒரு துளி டீசலும் கூடுதலாகத் தேவையில்லை. தனியார் பஸ்ஸில் சாரதி நடத்துநரின் வருமானம் அன்றன்றைய வசூலில் தங்கியிருப்பதே அவர்களை நிலையத்தில் காக்கவும் வீதியில் முந்தவும் செய்கின்றது. நிலையான சம்பளமின்றி ஒழுங்கான நேரசூசி நிலைக்காது. 2025 ஆகஸ்டில் ஒருங்கிணைந்த நேரசூசியை எதிர்த்துச் சபையின் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. பொதுச் சேவையின் வருவாய் கைநழுவிவிடும் என்ற தொழிலாளரின் ஐயத்தைப் பிற்போக்கு என ஒதுக்கிவிடுதல் தவறு. நேரத்தைப் பகிரும்போது நட்டமான பாதைகளின் பொறுப்பையும் பகிர வேண்டும் என்பதே அதற்குரிய விடையாகும்.

இரண்டாவதாக, நெடுஞ்சாலைக்கான அனுமதிப்பத்திரத்தோடு உட்பாதையொன்றைப் பிணைத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் 1997இல் தொடங்கிய மினி பஸ் திட்டம் பஸ் ஓடாத வழியையும் ஓடும் வழியின் சிறு பகுதியையும் ஒரே அனுமதியில் இணைத்தது. இலாபத்தைத் தருபவன் கடமையையும் கேட்கலாம் என்பதே அதன் தத்துவம். மாகாணத்துக்குள் ஓடும் பஸ்களின் அனுமதி 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின் மாகாண சபைகளுக்கு உரிய விடயமாதலால், இதனைச் செய்யும் அதிகாரம் கிழக்கிலேயே உண்டு.

மூன்றாவதாக, வீதியும் சேவையும் ஒன்றென உணர்தல் வேண்டும். மாரியில் கிட்டங்கித் தாம்போதி நீரில் மூழ்க, நாவிதன்வெளி கல்முனையிலிருந்து துண்டிக்கப்படுவது இப்பகுதியார் யாவரும் அறிந்தது. 2024 நவம்பர் 26ஆம் திகதி, நிந்தவூரிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய மதரஸா மாணவரை ஏற்றிய உழவு இயந்திரம் காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, மாணவர் அறுவர் உட்பட எண்மர் உயிரிழந்தனர். கிழக்கு மேற்கு அச்சின் மிகப் பலவீனமான புள்ளி அது. வெள்ளநாளில் பஸ் ஓடாமை குற்றமன்று. அந்நாளில் பிள்ளைகள் எவ்வாறு வீடு சேர்வர் என்பதும் போக்குவரத்துத் திட்டத்தின் பகுதியே என்பதைத்தான் நாம் வற்புறுத்துகின்றோம்.

கிராமத்துக்கு பஸ் வருவதும் வராததும் பயணிகளின் தொகையால் மட்டும் தீர்மானிக்கப்படுவன அல்ல. நட்டத்தை யார் சுமப்பது என்ற வினாவுக்கு ஒவ்வொரு காலத்திலும் அளிக்கப்பட்ட விடையே அதனைத் தீர்மானித்துள்ளது. 1942இல் கம்பனிகளுக்குச் சார்பாகவும், 1958இல் சமூகத்துக்குச் சார்பாகவும், 1979இன் பின் மீண்டும் இலாபத்துக்குச் சார்பாகவும் அவ்விடை அமைந்தது. மனிதர் எழுதிய விடையாதலின் அதனை மனிதர் திருத்தி எழுதவும் கூடும். அதற்கான கோரிக்கை சாய்ந்தமருதிலிருந்தும் காரைதீவிலிருந்தும் வீரமுனையிலிருந்தும் சம்மாந்துறையிலிருந்தும் தனித்தனியே எழாமல் ஒருங்கே எழுதல் வேண்டும்.