சாக்வாவுக்குப் போன தேயிலை விதை

ரஷ்யர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகக் குடித்தது சீனத் தேயிலை. கியாக்தா எல்லைச் சந்தையில் வாங்கிய பெட்டிகள் ஒட்டகத்திலும் பனிச்சறுக்கு வண்டியிலும் மாதக்கணக்கில் நகர்ந்து மாஸ்கோ வந்து சேரும். அந்தச் செடியை நம் மண்ணிலேயே வளர்த்தால் என்ன என்று ஜார் அரசு யோசித்தது. 1878இல் கைக்கு வந்த, இன்றைய ஜார்ஜியாவிலுள்ள பாத்தூமி பகுதியில் செம்மண்ணும் இருந்தது, ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும் மழையும் இருந்தது.

1895இல் மன்னர் குடும்ப நிலங்களை நிர்வகித்த துறை, வேளாண் அறிஞர் இவான் கிளிங்கனைக் கிழக்கே அனுப்பியது. தாவரவியலாளர் ஆந்திரேய் கிராஸ்னோவும் உடன் போனார். இந்தியா, இலங்கை, சீனா, ஜப்பான் என்று சுற்றினார்கள். அப்போது இலங்கை மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்கள். கிளிங்கன் பயணத்தைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே கிழக்கத்திய மக்களை வேளாண்மையின் மூதாதையர் என்று குறிப்பிட்டார். கற்றுக்கொள்ளப் போனவரின் மரியாதை அது. எனக்கு அவரைப் பிடிப்பதற்கு அதுவே முதல் காரணம்.

தேயிலை விதையை நெல்லைப் போல உலர்த்தி மூட்டை கட்ட முடியாது. எண்ணெய்ச் சத்துள்ள அந்தப் பழுப்புக் கொட்டை காய்ந்தால் முளைக்காது, ஈரம் மிஞ்சினால் அழுகிவிடும். அப்படிப்பட்டதைக் கடல் கடந்து கொண்டுவந்து, பாத்தூமிக்கு அருகே சாக்வாவில் நட்டார்கள். அங்கே குளிர்காலத்தில் பனி விழும். பெரிய இலை கொண்ட அசாம் வகைக்கு அது ஆகாது. சிறிய இலைச் சீன வகைதான் தாக்குப்பிடிக்கும்.

செடி பிழைத்தால் மட்டும் தேநீர் வந்துவிடாது. எந்தக் கொழுந்தை எப்போது கிள்ளுவது, எவ்வளவு நேரம் வாடவிடுவது என்பதெல்லாம் கைப்பழக்கம். அதைக் கொண்டுவந்தவர் லாவ் ஜுன்ஜோவ். 1893இல் வணிகர் போபோவ் அழைத்துவந்த சீனர் அவர். பின்னர் சாக்வா தோட்டத்துக்கு மாறினார். புகைப்படக் கலைஞர் புரோகுதின்-கோர்ஸ்கி எடுத்த வண்ணப்படங்களில் லாவையும், சரிவில் கொழுந்து பறிக்கும் கிரேக்கப் பெண்களையும் இன்றும் பார்க்கலாம். ஜார்ஜியத் தேயிலையின் வரலாற்றில் கிளிங்கனுக்குச் சமமான இடம் லாவுக்கும் உண்டு என்பேன்.

சோவியத் காலத்தில் நாட்டின் தேயிலையில் பெரும்பகுதி ஜார்ஜியாவில் விளைந்தது. தேயிலை ஆய்வாளர் க்சேனியா பக்தாத்ஸே அந்த மண்ணுக்கென்றே புதிய ரகங்களை உருவாக்கினார். 1991க்குப் பிறகு சந்தை போயிற்று, தோட்டங்கள் காடாயின. அவற்றை மீட்க ஜார்ஜிய அரசு 2016இல் ஒரு திட்டம் தொடங்கியது.