பதுக்கல் என்று பெயரிடப்பட்ட சேமிப்பு

1940 ஜூனில் பிரான்சு வீழ்ந்த செய்தி எட்டியதும், இந்தியாவெங்கும் மக்கள் காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாயைக் கேட்கத் தொடங்கினர். அஞ்சலகச் சேமிப்பிலிருந்தும் பணம் வெளியேறியது. அம்மாத இறுதிக்குள், சொந்தத் தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பதை அரசு குற்றமாக்கியது. அரசு ஆவணங்கள் இதைப் பதுக்கல் என்றும் பீதி என்றும் குறிக்கின்றன. பொருளியல் வரலாறும் பெரும்பாலும் அச்சொற்களை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டது.

ஒரு ரூபாயின் எடை சரியாக ஒரு தோலா. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1893இல் தடையற்ற நாணய வார்ப்பு நிறுத்தப்பட்ட பின், உள்ளிருந்த வெள்ளியைவிட முகமதிப்பே பெரும்பாலும் கூடுதலாக இருந்தது. அந்நாளில் ரூபாயைப் பானையிலிட்டுப் புதைத்தவர் வட்டியை இழந்தார் என்பது மெய்யே. 1882 முதல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி சிறு தொகைகளையும் ஏற்று வந்தது. கெயின்ஸ் தம் 1913ஆம் ஆண்டு நூலில் இந்தியரின் இப்பழக்கத்தை வீண்செயலாகவே கண்டார்.

நான்கே ஆண்டுகளில் கணக்குத் தலைகீழானது. 1917இல் உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏற, ரூபாய்க்குள்ளிருந்த உலோகம் அதன் முகமதிப்பை விஞ்சியது. நவம்பரில் அரசு ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது. 1918இல் அமெரிக்கக் கையிருப்பிலிருந்து பெருமளவு வெள்ளியை வாங்கியது. 1940இல் நாணயம் கேட்டு நின்றவர்களில் நடுவயதினர் எவருக்கும் இது கேள்விப்பட்ட கதையன்று, கண்ட நிகழ்ச்சி. அவர்களை இயக்கியது அச்சம் மட்டுமே என்று கொள்வது கடினம்.

பின்வந்தவை அவர்களின் கணிப்பையே மெய்ப்பித்தன. 1940இல் புதிய ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. விக்டோரியா நாணயங்கள் 1941இலும், எட்வர்டு நாணயங்கள் 1942இலும், ஜார்ஜ் மன்னர்களின் பழைய வெள்ளி நாணயங்கள் 1943இலும் செல்லாதவையாயின. ஒவ்வொரு முறையும் வீட்டில் ஒரே கேள்வி: கெடுவுக்குள் நோட்டாக மாற்றுவதா, வெறும் உலோகமாக வைத்துக்கொள்வதா? நூறு தோலா தூய வெள்ளி ஏறத்தாழ 109 ரூபாயைக் கடந்தால் வைத்திருந்தவருக்கே ஆதாயம். போர் முடிவதற்குள் பம்பாய்ச் சந்தை அதைக் கடந்துவிட்டது. நோட்டோ, விலைவாசி இரு மடங்குக்கு மேல் ஏறியதில் தேய்ந்துபோனது.

ஆயினும் இந்த ஆதாயம் காத்திருக்க முடிந்தவர்க்கே உரியது. 1943இல் வங்காளத்துச் சிற்றூர்களில் நகையும் பாத்திரமும் அரிசிக்காக விற்கப்பட்டன. அங்கே விலையை நிர்ணயித்தது பம்பாயன்று, வாங்குபவரின் வாய்ச்சொல்.