சேரிநத்தமும் விசுவாசமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலுள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்த மாணவி ஒருத்தி, கடிதத்தை நம்மிடம் காட்டிவிட்டுத் தயங்கி நின்றாள். "நமக்கெல்லாம் அங்க யாருங்கய்யா வேலை கொடுக்கப் போறாங்க?" என்றாள். மதிப்பெண்ணில் வகுப்பின் முதல் மூவருள் ஒருத்தி அவள். தனக்கு வந்த கடிதத்தைப் பற்றிப் பேசும்போது 'எனக்கு' என்னாமல் 'நமக்கெல்லாம்' என்றதை, இலக்கணம் கற்பித்துப் பழகிய காது விடாமல் பிடித்துக்கொண்டது. அந்தப் பன்மைக்குள் நாலைந்து தலைமுறைகள் இருந்தன. தாழ்வு மனப்பான்மையை உளவியல் நூல்கள் பெரும்பாலும் தனிமனிதரின் குறையாகப் பேசும். திருவள்ளூர் வட்டாரத்திலோ அதற்கு வருவாய்த்துறை ஆவணங்களிலேயே ஒரு வரலாறு இருக்கிறது.

திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான். அதற்கு முன் இப்பகுதி செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே நிலத்தின்மீது முதலுரிமை மிராசுதார்களுடையது. தரிசு நிலத்துக்குத் தர்காஸ்து மனுப் போடப் பறையர் ஒருவர் துணிந்தாலும், மிராசுதாரின் முன்னுரிமை குறுக்கே வந்து நிற்கும். படியாளாக உழைத்தவர்களுக்கு வயல் மட்டுமா சொந்தமில்லை? குடிசை நின்ற சேரிநத்தமும் பல ஊர்களில் பிறருடையது. எதிர்த்து ஒரு சொல் பேசினால் கூலியோடு கூரையும் போய்விடும். நிமிர்ந்து நிற்காதவர்களைப் பார்த்து 'இவர்கள் இயல்பே அப்படி' என்று எழுதிவைத்த வெள்ளைக்காரர்களும் உள்ளூர்க்காரர்களும் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை.

இச்சூழலில்தான் வெஸ்லியன் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த வில்லியம் கௌடி, திருவள்ளூரை ஒட்டிய ஈக்காட்டை மையமாகக் கொண்டு பணியாற்றினார். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவில் பிறந்தவர். சிறு குத்தகைக் குடியானவர்கள் நிலப்பிரபுக்களுக்கு அஞ்சி வாழ்ந்த தீவு அது. சேரியின் சிக்கல் நிலத்தில் இருக்கிறது என்பது அவருக்கு விரைவில் விளங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது நம் ஊகம். திருவள்ளூரில் அவர் பெயரால் ஒரு பள்ளி உண்டு. அந்தப் பெயருக்குரியவர் யாரென்று நாம் கேட்ட மாணவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

சேரியில் புதிய மார்க்கம் என்ன பேசியிருக்கும்? கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் மனிதன் என்றது. திக்குவாயன், என்னை அனுப்ப வேண்டாம் என்று மன்றாடிய மோசேயே அரசன் முன் போய் நின்ற கதையைச் சொன்னது. அடிமைகள் செங்கல் அறுத்த எகிப்து, படியாளுக்கு அந்நிய தேசமாக இருந்திருக்க முடியாது. இவற்றோடு ஒரு பெயர், ஒரு பள்ளிக்கூடம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்று படியாள் சொல்வது வழிபாட்டு விஷயம் மட்டுமன்று, ஆண்டையிடம் சொன்ன முதல் மறுப்பாகவும் அது இருந்திருக்கும்.

ஆனால் மிஷனரிகளுக்கே ஓர் உறுத்தல் இருந்தது. இவர்கள் மெய்யான விசுவாசத்தால் வருகிறார்களா, சோற்றுக்கும் நிலத்துக்குமாக வருகிறார்களா என்ற ஐயம் அக்கால மிஷன் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகிறது. வயிறு நிறைந்தவனின் பக்தியை எவரும் இப்படிச் சோதித்ததாகத் தெரியவில்லை! காலடி மண் தன்னுடையதாக வேண்டும் என்ற ஆசையையும் ஆன்மாவின் விடுதலையையும் பிரித்துப் பார்க்கும் வசதி சேரியில் இருந்தவருக்கு இல்லை.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர், ஜில்லாவின் பறையர் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். அதன் விளைவு 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட அரசாணை. பஞ்சமி நிலம் என்று நாம் அறிந்தது அதிலிருந்து பிறந்தது. 1894இல் கௌடி பறையரும் நிலமும் என்ற பொருளில் மிஷன் இதழில் கட்டுரை எழுதி, நிலம் கைக்கு வராமல் தடுப்பது எதுவென்று விவரித்தார். பிற்காலத்தில் அந்நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப்போனது தனிக்கட்டுரைக்கான பொருள்.

இதே ஜில்லாவில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் மதம் மாறவில்லை. கோயம்புத்தூரில் படிக்கையில், சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் மணி அடிக்கும்வரை வெளியே இருந்துவிட்டு, பிறகே வகுப்புக்குள் நுழைந்ததைத் தம் வரலாற்றில் சொல்லியிருக்கிறார். அந்தச் சிறுவன் வளர்ந்து 1893இல் தொடங்கிய இதழின் பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லைக் கேட்டு ஒளிந்தாரோ அதையே முகப்பில் அச்சிட்டார். ஈக்காட்டு வழி ஒன்றே வழி என்று நாம் சொல்லிவிட முடியாதபடி இது நிற்கிறது.

திருச்சபைக்குள் சாதி நுழையவில்லை என்றும் சொல்ல முடியாது. தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரே 1820களில் சபைக்குள் சாதி வழக்கங்களுக்காக வாதாடியவர்தாம். அரசும் தன் பங்குக்கு ஒரு கோடு கிழித்தது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகின்றனர். தலைநிமிரக் கற்றுக்கொடுத்த விசுவாசத்தை, சான்றிதழ் வாங்கும் இடத்தில் வாய்விட்டுச் சொல்ல அஞ்சும் நிலை இப்படித்தான் உண்டாயிற்று.

நம் மாணவி நேர்முகத் தேர்வுக்குப் போனாள். முந்தின நாள் அவள் பாட்டி தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பினாராம். வேலை கிடைத்த செய்தியைச் சொல்ல வந்தபோது கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அதிலிருந்த பெயரைப் படித்தோம். பாட்டி கூப்பிடும் பெயர் வேறு என்று சிரித்தாள். அது என்னவென்று நாம் கேட்கவில்லை.