‘யே யே’ வந்த வழி



1960களில் நம் நாட்டு மலாய் இளைஞர்கள் பாடிய ஒரு வகைத் துள்ளல் பாட்டுக்குப் ‘பாப் யே யே’ என்று பெயர். பழைய மலாய்ப் பாடல் நிகழ்ச்சிகளில் இப்பெயரை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். இந்த ‘யே’ என்னும் சொல் மலாய்மொழிக்கு உரியதன்று. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் 1963இல் வெளியிட்ட ‘ஷி லவ்ஸ் யூ’ என்ற இசைத்தட்டிலிருந்து கடல் கடந்து வந்தது.

பீட்டில்ஸ் நால்வரும் லிவர்பூல் என்னும் துறைமுக நகரத்துப் பிள்ளைகள். 1963 ஜூன் 26ஆம் நாள், கச்சேரிக்காகச் சென்றிருந்த நியூகாசில் நகரில், விடுதி அறையொன்றில் அமர்ந்து ஜான் லென்னனும் பால் மெக்கார்ட்னியும் இப்பாட்டைக் கட்டத் தொடங்கினார்கள். முன்னவருக்கு வயது 22, பின்னவருக்கு 21. அதுவரை அவர்கள் வெளியிட்ட காதல் பாட்டுகள் பெரும்பாலும் ‘நான்’, ‘நீ’ என்ற பேச்சாக இருந்தன. இம்முறை, பிணங்கி நிற்கும் காதலனிடம் நண்பன் ஒருவன் வந்து, அவள் மனம் மாறவில்லை என்று செய்தி சொல்வதாக அமைத்தார்கள். நம் அகப்பாடல்களில் பாங்கனும் தோழியும் செய்கின்ற வேலைதான் இது. லிவர்பூல் இளைஞர்கள் குறுந்தொகை படித்தவர்கள் அல்லர். ஆயினும் காதலுக்குத் தூது வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பாட்டு முடிந்ததும் பாலின் தந்தையிடம் பாடிக் காட்டினார்கள். அவருக்குப் பாட்டுப் பிடித்தது. ‘யே’ மட்டும் பிடிக்கவில்லை. அமெரிக்கக் கொச்சைச் சொல் நமக்கு எதற்கு, ஒழுங்காக ‘எஸ்’ என்று பாடக்கூடாதா என்று கேட்டாராம். பிள்ளைகள் சிரித்தார்களே தவிர, மாற்றவில்லை. பருத்தி வணிகத்தில் வேலை பார்த்த அந்தத் தந்தையும் தம் இளமையில் ஜாஸ் இசைக்குழு நடத்தியவர்தாம். ஜாஸ் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து!

ஜூலை முதல் நாள் லண்டனில் பதிவு செய்யப்பட்டு, ஆகஸ்டு 23இல் தட்டு வெளிவந்தது. இரண்டரை நிமிடம்கூட ஓடாத பாட்டு. பிரிட்டனில் அதுவரை எந்தத் தனி இசைத்தட்டும் விற்காத அளவுக்கு விற்றது. அந்தச் சாதனையை 1977இல் முறியடித்தவரும் வேறு குழுவோடு பாடிய அதே பால் மெக்கார்ட்னிதான்.

அத்தட்டு வெளிவந்த 24ஆம் நாள், செப்டம்பர் 16இல், மலேசியா பிறந்தது. டிசம்பர் 28இல் நம் தொலைக்காட்சியும் தொடங்கியது. எனினும் இந்தப் பாட்டைக் கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் கொண்டுவந்ததில் பெரும்பங்கு மின்கலத்தில் ஓடிய டிரான்சிஸ்டர் வானொலிக்குத்தான் உண்டு. மின்சாரம் எட்டாத லயத்திலும் அது பாடியது.

நிலம் முன்பே பண்பட்டிருந்தது. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூரில் வந்து பாடிய பின், ஊருக்கு ஊர் கித்தார்க் குழுக்கள் தோன்றின. மூன்று கித்தார், ஒரு டிரம், ஒரு பாடகர், அவ்வளவே. மலாய்க்காரர்கள் அதைக் ‘குகிரான்’ என்றார்கள். துள்ளிசைக் கித்தார்க் குழு என்று பொருள்படும் மூன்று மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது. 1964இல் எம். ஒஸ்மான் பாடிய ‘சுசானா’ புகழ் பெற்றது. ஜெஃப்ரிடின், ஏ. ரம்லி என்று வரிசையாக வந்தார்கள். மெட்டு மேல்நாட்டுச் சாயல். சொல்லும் குரலின் குழைவும் மலாய்.

இதில் இழந்தவரும் உண்டு. கலைஞர் பி. ரம்லி 1964இல் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் வந்தார். வந்த இடத்தில் இளைஞர் கூட்டம் ‘யே யே’ பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு காலத்தில் நாடே பாடிய மனிதர், புறக்கணிக்கப்பட்ட வருத்தத்தோடு 1973 மே 29இல், 44ஆம் வயதில் மறைந்தார். அவரை மறந்த குற்றத்தைக் கித்தார் மீது மட்டும் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. ரும்பாவையும் சா-சா-சாவையும் மலாய்ப் பாட்டில் கலந்து இளைஞரைக் கவர்ந்தவர் அவரும்தானே.

இன்று வீடுகள் நிறைந்திருக்கும் புஞ்சாக் ஆலாம் அன்று தோட்டக்காடு. பெஸ்தாரி ஜெயாவுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். அக்காலத் தோட்டத் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டினால் டி.எம். சௌந்தரராஜன் குரல்தான் முதலில் கேட்கும். ஆனால் பினாங்கிலே டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற சகோதரர்கள் கித்தார்க் குழுவில் சேர்ந்து, ‘எலிகேட்ஸ்’ என்ற பெயரில் முதலில் ஆங்கிலப் பாட்டும், 1970களின் இறுதியிலிருந்து மலாய்ப் பாட்டும் பாடி, நாடறிந்தவர்கள் ஆனார்கள். லோகநாதன் 2007இல் காலமானார். டேவிட்டுக்கு அடையாளமே கூடைபோல் விரிந்த அந்தச் சுருட்டை முடிதான். அதே தலையோடு பள்ளிக்கூடம் வந்திருந்தால், பாடத்துக்கு முன்னால் முடிவெட்டும் கடைக்குத்தான் அனுப்பியிருப்போம்.